நெற்றி ஓரம்

மார்ச் 30, திங்கள்

தோல் டாக்டர் மெஹருன்னிசா ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். ரெனியின் தலைக்கு என்ன தடவினோம், எப்படிக் கட்டினோம், சீப்பில் எவ்வளவு முடி வந்தது, எல்லாவற்றையும் தினமும் தேதி போட்டு எழுதி ஐந்து வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டுமாம். "அப்புறம் யோசிச்சு சொல்லலாம்னு விட்டுராதீங்கம்மா. யோசிச்சா நமக்கு வசதியானதுதான் ஞாபகம் வரும்" என்றார்.

தேதி போடுவது எனக்குப் புதிதில்லை. பத்தொன்பது வருடமாகத் தபால் ஆபீஸ் கவுண்டரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நோட்டின் முன்பக்கம் டாக்டருக்கு; கட்டம் போட்டாயிற்று. பின்பக்கத்திலிருந்து எனக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். கட்டத்துக்குள் அடங்காதவை சில இருக்கின்றன.

ரெனிட்டா எங்கள் ஒரே மகள். பதினேழு முடிந்துவிட்டது. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து பையைக் கீழே வைக்கும் முன்பே, "அம்மா, எனக்குத் தோல் டாக்டர்ட்ட போணும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. முன்நெற்றியில் இரண்டு பக்கமும் முடி பின்னால் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். வலது பக்கம் அதிகம்.

அவளுக்குச் சுருட்டை முடி. என் வீட்டு வழி. சுருட்டை என்றால் லேசாக வளைந்த முடி இல்லை, ஸ்பிரிங் மாதிரி. எண்ணெய் வைத்தாலும் நெற்றி ஓரத்துக் குட்டி முடிகள் அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கும். தூத்துக்குடிக் கடல்காற்றுக்கு அதுகூட வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

டாக்டர் ஒரு லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இழுத்து இழுத்துக் கட்டினதால வேர் தளர்ந்திருக்கு. சின்ன வயசுலருந்தே இப்படித்தானா?" என்று கேட்டார்.

"ஸ்கூல்ல விடமாட்டாங்க டாக்டர். முடி படிஞ்சு இருக்கணும்."

"ஜெல்லு, வேக்ஸு?"

"ஜெல் போடுவேன்."

"முடியை நேராக்குற கிரீம் எதாவது? எப்பவாவது?"

"இல்ல டாக்டர்."

ரெனி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இழுத்துக் கட்டக் கூடாது, ஜெல் கூடாது, கிளிப் கூடாது. காலையும் மாலையும் லோஷன். அகலப்பல் சீப்பு. அவ்வளவுதான்.


ஏப்ரல் 1, புதன்

காலை ஏழு பத்துக்குக் கை சும்மா இருந்தது.

பன்னிரண்டு வருடமாக அந்த நேரம் என்னுடையது. ஸ்டூலில் அவள் உட்காருவாள். முதலில் தண்ணீர் தெளிப்பேன். பிறகு இரண்டு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் ஜெல். நெற்றி ஓரத்துக்கென்று ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்திருந்தேன். அதை ஜெல்லில் தொட்டு, குட்டி முடிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் படுக்க வைப்பேன். பிறகு மொத்த முடியையும் ஒரு கையால் அள்ளிப் பிடித்து ரப்பர் பேண்டு. அதன்மேல் என் பட்டுத் துணியை ஐந்து நிமிடம் இறுகக் கட்டிவைத்து அவிழ்த்தால் நெற்றி ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும். பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள், "எப்படி மிஸ் இப்படிப் படிய வைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். ஆபீஸில் வேலை பார்ப்பதால் எல்லாருக்கும் நான் மிஸ்.

இன்று அவளே விரலால் கோதிவிட்டுக்கொண்டு போய் பேப்பர் படித்தாள். நான் அடுப்படியில் நின்றபடி அவள் பின்கழுத்தைப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடம் தவிர வேறு எப்போது அவளைத் தொட்டேன் என்று யோசித்தேன். காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்ப்பேன்.


ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

பூசைக்குப் போனோம். கோயில் வாசலில் இறங்கும்போது காற்று அடித்து முன்முடி முழுக்கப் பறந்தது. குழாயில் கையை நனைத்து அவள் நெற்றியில் வைத்து அழுத்திவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. யாரோ தெரியாத ஆள் இடித்துவிட்டால் நகர்வோமே, அப்படி.

என் நாத்தனார் ஜோஸ்லின் பூசை முடிந்து வந்து, "என்ன மைனி, ஈஸ்டரும் அதுவுமா புள்ளைக்குத் தலைகூட சீவாம கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள்.

"டாக்டர் சொல்லிருக்காவ."

"தலை சீவக் கூடாதுன்னு ஒரு டாக்டரா!"

அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் கோடு போட்ட மாதிரி நேர்முடி. என் கல்யாணத்தன்று மாலை, போட்டோ எடுக்க நின்றபோது இதே ஜோஸ்லின் என் நெற்றியைப் பார்த்து, "கோழி சிலுப்புன மாதிரி நிக்கி, யாராச்சும் அமுக்கி விடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது வருடம் ஆகிறது. அந்த ஆல்பத்தை எடுத்தால் அந்த ஒரு படத்தை மட்டும் தள்ளிவிடுவேன்.


ஏப்ரல் 11, சனி

லோஷன் காலை, மாலை. சீப்பில் ஆறு முடி.


ஏப்ரல் 19, ஞாயிறு

ஜோஸ்லின் வீட்டில் புதிதாகக் கட்டிய மாடிக்கு மந்திரிப்பு. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், இரண்டு பக்கச் சொந்தமும் வந்திருந்தது.

காலையில் ரெனியிடம், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கட்டி விடட்டுமா?" என்றேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒரு நாள்ல என்னட்டி ஆயிரும்? லேசா."

அவள் பேப்பரை மடித்து வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லேசாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் வலது பக்கம் தோல் தெரிந்தது. அதை மறைக்கப் பின்னாலிருந்து முடியை முன்னுக்குக் கொண்டுவந்து இழுக்க வேண்டியிருந்தது. நான்கு கிளிப். நன்றாகப் படிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை மறக்கவில்லை. விருந்தில் ஜோஸ்லின், "இப்பதான் லட்சணமா இருக்கா" என்றபோது ரெனி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கிளிப்பை எடுத்தபோது வலது பக்கம் பதினொரு முடி வந்தது. சிலதில் வேரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்பக்கக் கட்டத்தில் இன்றைய தேதிக்கு நேராக 'தளர்வாக விட்டது' என்று எழுதினேன்.


ஏப்ரல் 27, திங்கள்

டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, கடை ஜெல்தான் கூடாது, ஆளிவிதை ஜெல் போடலாம் என்றிருக்கிறார். விதையைக் கொதிக்க வைத்து, சளி மாதிரி திரண்டதும் துணியில் வடிகட்ட வேண்டும். ஆபீஸிலிருந்து வந்து அதைத்தான் செய்தேன். ரெனி பக்கத்தில் நின்று துணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் ஒரு பெண்ணைக் காட்டினாள். ஏதோ ஊர்ப் பெண், எங்கள் முடி மாதிரியே முடி. நெற்றி ஓரத்தில் அந்தக் குட்டி முடிகளை வளைத்து வளைத்துக் கோலம் மாதிரி விட்டிருந்தாள். "இவ படிய வைக்கல பாரும்மா. அதோட போக்குலயே விடுதா."

"நல்லா இருக்கு" என்றேன்.

அவள் என் முகத்துக்கு வெகு அருகில் வந்து என் நெற்றியைப் பார்த்தாள். "ஒனக்கும் ரெண்டு பக்கமும் ஏறிருக்கும்மா. நீயும் கொண்டையைத் தளத்திப் போடு." விரலில் ஒட்டியிருந்த ஜெல்லை என் காதுக்கு மேலே தடவிவிட்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளாக என்னைத் தொட்டாள்.

அப்படியே நின்றுகொண்டு, "டாக்டர் கேட்டதுக்கெல்லாம் நாம சரியாத்தானம்மா பதில் சொன்னோம்?" என்று கேட்டாள்.

"சொன்னோமே" என்றேன்.

அவள் துணியைக் கழுவப் போய்விட்டாள்.


மே 4, திங்கள்

இரண்டாவது தடவை டாக்டரிடம். நோட்டின் முன்பக்கக் கட்டத்தை மட்டும் பார்த்து, "இவ்வளவு நறுவிசா யாரும் எழுதிட்டு வந்தது இல்ல" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

இடது பக்கம் புது முடி முளைத்திருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கொடுத்து ரெனிக்குக் காட்டினார். பூனை ரோமம் மாதிரி ஒரு வரிசை. வலது பக்கம் லென்ஸை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"இந்த இடம் மட்டும் வேற மாதிரி இருக்கே. தோல் பளபளன்னு, வேர்க்குழியே தெரியல. இழுத்ததால மட்டும் வந்ததுன்னு தோணல. இங்க எப்பவாவது அடிபட்டுச்சா? சூடு பட்டுச்சா? கொப்புளம்?"

"வெயில்ல கொப்புளம் வரும் டாக்டர், சின்ன வயசுல" என்றேன்.

"ரெனிட்டா, உனக்கு ஏதும் ஞாபகம் இருக்காம்மா?"

ரெனி என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

"அம்மா சொன்னதுதான் டாக்டர்" என்றாள்.

தோலில் சில நோய்கள் இப்படி வேரைத் தின்றுவிடுமாம். அதுவானால் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டுமாம். எது என்று தெரிய அந்த இடத்திலிருந்து மிளகளவு தோலை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மரத்துப்போக ஊசி, இரண்டு தையல். அடுத்த திங்கள் வரச் சொன்னார்.

புதுநன்மைக்கு, அதாவது கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாளுக்கு, முன்னால் ஒரு தடவை கிரீம் போட்டிருக்கிறேன். அதை எழுதிவிடுகிறேன். ரெனிக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளை கவுன், முக்காடு, அதன்மேல் பூக்கிரீடம். கிரீடத்துக்கு அடியில் முடி துருத்திக்கொண்டு நின்றால் படம் நன்றாக வராது. என் தம்பி சேவியர் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஆப்பிரிக்கப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற கிரீம் என்று வாங்கிவந்தான். பெட்டியில் வேற்று மொழி. நெற்றி ஓரத்தில் மட்டும் கொஞ்சம். ஐந்து நிமிடம்தான் இருக்கும்.


மே 6, புதன்

ஐந்து நிமிடம் இல்லை.

ஆபீஸில் இன்று ஒருவர் பதிவுத் தபால் ரசீதில் தப்பான தேதி விழுந்திருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். அழித்து எழுத எனக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் செய்து கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை எழுதியதை நினைத்தேன். அதையும் அழிக்கவில்லை. சரியானதை இங்கே எழுதுகிறேன்.

பெட்டியில் ஆங்கிலமும் இருந்தது. படித்தேன். குழந்தைகளுக்கு உபயோகிக்கக் கூடாது என்று இருந்தது. எரிச்சல் வந்தால் உடனே கழுவு என்று சிவப்பில் இருந்தது.

புதுநன்மைக்கு முந்தின வாரம், சனிக்கிழமை பகல். என் வீட்டுக்காரர் ஜெரால்டு துறைமுகத்துக்குப் போயிருந்தார். குளியலறையில் குட்டி முக்காலியில் அவளை உட்கார வைத்துத் தடவினேன். இரண்டு நிமிடத்தில், "எரியுதும்மா" என்றாள். "எரிஞ்சாத்தான் படியும், கொஞ்சம் பொறு" என்றேன். அப்போது வாசலில் கூப்பிட்டார்கள். ஜோஸ்லினும் அவள் மாமியாரும். புதுநன்மைக்கு என்ன சமையல் என்று கேட்க வந்திருந்தார்கள். உள்ளே வரச் சொன்னால் குளியலறைப் பக்கமிருந்து அந்த மருந்து வாடை வந்துவிடும். முடிக்குக் கிரீம் போடுகிறேன் என்று தெரிந்தால் ஜோஸ்லின் ஊரெல்லாம் சொல்லுவாள். நான் ரெனியிடம், "சத்தம் போடாத. அத்தை போறவரைக்கும் சத்தம் வரக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து வாசலில் நின்றபடியே பேசினேன். பிரியாணியா, நெய்ச்சோறா என்று பேசினோம். சிரித்துச் சிரித்துப் பேசினேன். இருபது நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம்.

திரும்பிப் போனபோது அவள் கவுனின் விளிம்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் வரவில்லை. நான் சொன்னபடியே இருந்திருக்கிறாள். கழுவும்போது வலது பக்கம் தோல் கையோடு வந்தது.

முக்காடு மறைத்துவிட்டது. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஜெரால்டிடம் வேனல் கொப்புளம் என்றேன். ரெனியிடம், "அப்பாட்ட சொன்னா அப்பா அம்மாவ ஏசுவாவ. நாம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் கேட்பார்களே. வீட்டிலேயே தேங்காயெண்ணெய் போட்டேன்.

பொருக்கு உதிர்ந்த இடத்தில் முடி வரவில்லை. அதை மறைக்கத்தான் அதற்குப் பிறகு இவ்வளவு இறுக்கி இழுக்க ஆரம்பித்தேன். பள்ளியில் படிந்து இருக்க வேண்டும் என்றார்கள், அது உண்மை. ஆனால் அவ்வளவு இறுக்கச் சொல்லவில்லை.


மே 8, வெள்ளி

காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தோம். ரெனி, "திங்கக்கிழமை ஊசி எங்க போடுவாங்க, அந்த இடத்துலயேவா?" என்றாள்.

"மரத்துப் போயிரும். வலிக்காது."

"வெட்டாமயே தெரிஞ்சுக்க வழி இல்லையாம்மா?"

அவள் கையில் ஜெரால்டின் சட்டை இருந்தது. பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசிப் பொத்தான் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

"டாக்டருக்குத் தெரியாதா என்ன செய்யணும்னு" என்றேன்.


மே 11, திங்கள்

காலை பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள், போட்டேன். ரெனி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே நாற்காலியில். இப்போது எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாக்கியம்தான். கிரீம் போட்டேன், வெந்துவிட்டது. எழுந்தேன். கதவைத் தட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "அஞ்சு நிமிஷம்தான்மா, பயப்படாம உக்காருங்க" என்றாள். நான் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் உள்ளிருந்து ஒரு 'ஸ்' சத்தம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் கத்தியிருக்கும்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிரீம், இருபது நிமிடம், சாத்திய கதவு, பெட்டியில் படித்தது. ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி நோட்டில் பொய் எழுதியதையும் சொன்னேன். என் குரல் கவுண்டரில் பேசுகிற குரல் மாதிரியே இருந்தது.

டாக்டர் நூலை வெட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார். "போன வாரம் சொல்லிருந்தா இந்த வெட்டு வேண்டியதில்லையேம்மா."

பிறகு மெதுவாக, "அந்த வாரமே காட்டியிருந்தா எதாச்சும் செஞ்சிருக்கலாம்" என்றார்.

ரெனி எழுந்து உட்கார்ந்தாள். நெற்றி ஓரத்தில் சின்ன வெள்ளைக் கட்டு. "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டர். அந்த முக்காலி பச்சைக் கலர்" என்றாள்.

"அப்ப நீயாவது சொல்லிருக்கலாமேடா."

"அம்மா சொல்லுதாங்களான்னு பாத்தேன்."

ஆட்டோவில் திரும்பினோம். காற்று முகத்தில் அடித்தது. அவள் கட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு வந்தாள். நான் மறைக்கலாம் என்று கையைத் தூக்கினேன், பிறகு வைக்கவில்லை.


மே 12, செவ்வாய்

ஜெரால்டிடம் சொன்னேன். ராத்திரி சாப்பிட வந்தவர், கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்து சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கணக்கு எழுதி எழுதி, எதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகே பேசுகிற ஆள்.

"வேனல் கொப்புளம்னு சொன்ன."

"ஆமா."

"நான் வேப்பிலை அரைச்சுக் குடுத்தேன்."

"ஆமா."

தட்டை ஒதுக்கி வைத்தார். "முடி போனது போட்டும் செலஸ். ஒம்போது வயசுப் புள்ளைய ரகசியம் காக்கச் சொல்லிருக்க. எட்டு வருசமா அது என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அதக் காத்துருக்கு."

அவர் எழுந்து ரெனியின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ரெனி அழுத சத்தம் கேட்டது. எட்டு வருடத்தில் நான் கேட்ட முதல் அழுகை. அவள் அழுமூஞ்சி இல்லை, தைரியமான பிள்ளை என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.


மே 14, வியாழன்

தலைவலி என்று லீவு போட்டேன். தலை வலிக்கவில்லை.


மே 20, புதன்

தையல் பிரித்தார்கள். சோதனை முடிவும் வந்தது: நோய் எதுவும் இல்லை. பழைய தழும்பு. இடது பக்கமும் வலது பக்கத்து மேல்பாகமும் ஆறேழு மாதத்தில் பெரும்பாலும் வந்துவிடும். தழும்பு இருக்கிற இரண்டு விரல் அகலம் வராது.

"வராதுன்னா, எப்பவுமேவா?" என்று நான் கேட்டேன்.

"எப்பவுமே."

ரெனி டாக்டரிடம், "இனி அதுமேல எதையும் இழுத்து மூட வேண்டியது இல்லல்ல?" என்று கேட்டாள். அவள் கவலை வேறாக இருந்தது.

நோட்டை இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். முன்பக்கம் முடிந்தது.


மே 30, சனி

ரெனி தனியாகப் பார்லருக்குப் போய் முடியை வெட்டிக்கொண்டு வந்தாள். காதுக்கு மேலே வரை. எல்லாச் சுருளும் அதனதன் இஷ்டத்துக்கு நிற்கிறது. நெற்றி முழுக்கத் திறந்திருக்கிறது. தழும்பு வாசலிலிருந்தே தெரிந்தது.

"நல்லா இருக்குட்டி" என்றேன், அவள் செருப்பைக் கழற்றும் முன்பே.

"இப்பவே நல்லா இருக்குன்னு சொல்லாதம்மா. ஒனக்கு நல்லா இல்லன்னு எனக்குத் தெரியும். பாத்துப் பாத்துப் பழகு. அப்புறம் சொல்லு."

பார்லர் பெண், முன்னால் கொஞ்சம் முடியை இறக்கிவிட்டால் அந்த இடம் மறைந்துவிடும் என்றாளாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

சாயங்காலம் ஜோஸ்லின் வந்தாள். பார்த்ததும், "ஐயோ, இது என்ன கோலம்! முன்னாடி என்ன தழும்பு?" என்றாள். ரெனி என் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு தாளும் புரளவில்லை.

"நான் போட்ட கிரீம்ல வெந்தது" என்றேன். "புதுநன்மைக்கு முந்தின வாரம். நீங்களும் உங்க மாமியாரும் வாசல்ல நின்னு பேசிட்டிருந்தீங்களே, அன்னைக்கு. புள்ள உள்ள எரியுதுன்னு உக்காந்துருந்துச்சு. நான் உங்ககிட்ட நெய்ச்சோறு பத்திப் பேசிட்டு இருந்தேன்."

ஜோஸ்லின் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே சொல்லிருந்தா நான் என்ன மைனி சொல்லப் போறேன்" என்றாள். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள். அவள் போனபிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ஓடிவந்து தண்ணீர் ஊற்றியிருப்பாள். அவளும் பிள்ளை பெற்றவள்தான்.


ஜூன் 7, ஞாயிறு

கோயம்புத்தூரில் இடம் கிடைத்துவிட்டது. ஆடை வடிவமைப்பு. ஹாஸ்டல். இந்த மாதக் கடைசியில் போக வேண்டும்.


ஜூன் 14, ஞாயிறு

பெட்டி அடுக்கினோம். ரெனி துவைத்த போர்வையை நீட்டி என்னிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். மடித்து மடித்து நெருங்கி வந்தபோது சொல்லிவிட்டேன். "என்ன மன்னிச்சுரு ரெனி."

அவள் போர்வையை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தாள். "மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீ நிம்மதியாயிருவம்மா. எனக்கு அது புரியுது. ஆனா எனக்கு இன்னும் அந்தக் கதவுதான் ஞாபகம் வருது. எரிச்சல் மறந்துருச்சு. நீ வெளிய சிரிச்ச சத்தம் மறக்கல."

நான் அடுத்த போர்வையை எடுத்து நீட்டினேன்.

"கொஞ்ச நாள் குடு" என்றாள். "கோவத்துல சொல்லல. நெசமாவே கொஞ்ச நாள் வேணும்."

பிறகு, சோப்பு டப்பா வாங்க மறந்துவிட்டோம் என்று இருவரும் கடைக்குப் போனோம்.


ஜூன் 22, திங்கள்

ஆபீஸில் ஒரு பெண் தன் மகளோடு வந்திருந்தாள். ஆறேழு வயது இருக்கும். வரிசையில் நின்றபடியே எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றி முடியை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. அவள் முறை வந்தது. ஸ்பீட் போஸ்ட், திருச்சிக்கு. எடை போட்டேன், முத்திரை குத்தினேன். "புள்ளைக்கு முடி அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண், நான் கிண்டல் செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.


ஜூன் 30, செவ்வாய்

கோயம்புத்தூர். ஜெரால்டு பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் ரெனியும் ஹாஸ்டல் ஆபீஸில் விண்ணப்பத்தை நிரப்பினோம். பழக்கத்தில் நான் பேனாவை எடுத்தேன். "நானே எழுதுதேன்மா" என்று வாங்கிக்கொண்டாள்.

இங்கே காற்றில் உப்பு இல்லை. அவள் முடி சுருண்டு சுருண்டு, ஆனால் அமைதியாக நின்றது. அறையில் இன்னும் நான்கைந்து பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி ரெனியின் நெற்றியைப் பார்த்தாள், பிறகு அவள் காதில் இருந்த தோட்டைப் பார்த்து, "எங்க வாங்குன?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. அடுத்தது அங்க அடையாளம். பால்வாடியிலிருந்து பிளஸ் டூ வரை அவளுடைய எல்லா விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்பியிருக்கிறேன். அந்த இடத்தில் எப்போதும் 'இடது முழங்கையில் மச்சம்' என்று எழுதுவேன். மச்சம் கடுகளவு. தேடினால்தான் தெரியும்.

ரெனி யோசிக்கவில்லை. 'வலது நெற்றி ஓரத்தில் தழும்பு' என்று எழுதினாள். கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை.

தாளை என் பக்கம் திருப்பி, பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"மேல எழுதிருக்கத எல்லாம் ஒருதடவை படிச்சுட்டுப் போடும்மா" என்றாள்.

படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன்.